வாட்டர் சீல்: நீரடைப்பா, நீர்ப்பூட்டா, நீர்த்தாழா?

அனுப்புநர்: நாகர்கோவில்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

> கழிப்பறைக் கோப்பையின் அடியில் எப்போதும் நிற்கும் தண்ணீருக்கு ‘நீரடைப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாமே. பொருள் விளங்குகிறது. வேறு சொல் எதற்கு?

தக்கலை ஐயா கேட்டதற்குத்தான் இந்த மடல். ‘அடைப்பு’ என்ற சொல்லைக் கழிப்பறைப் பக்கமே கொண்டுவரக் கூடாது என்பது என் கருத்து. கழிப்பறையில் அடைப்பு என்று சொன்னால் குழாய் வேலைக்காரர் கம்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கொத்தனார்களுக்காக நாம் தயாரிக்கும் கையேட்டில் “நீரடைப்பு 20 மி.மீ. இருக்க வேண்டும்” என்று அச்சிட்டால், இருந்தே ஆக வேண்டிய ஒன்றை நீக்க வேண்டிய கோளாறாகப் படிப்பார்கள். இன்னொரு நண்பர் அனுப்பிய ‘நீர்முத்திரை’ அதைவிடத் தள்ளி நிற்கிறது. அங்கே யாரும் முத்திரை எதுவும் குத்துவதில்லை.

சொல்லை முடிவு செய்யும் முன் பொருளை ஒருமுறை பார்த்துவிடுவோம். கோப்பைக்குக் கீழே குழாய் வளைந்து போகிறது. அந்த வளைவில் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடுகிறது. குழியிலிருந்து எழும் நாற்றமும் ஈயும் அதைத் தாண்டி வர முடியாது. லண்டனில் கடிகாரம் செய்துவந்த அலெக்சாண்டர் கம்மிங் 1775-இல் இத்தகைய வளைவுடன் கூடிய கழிப்பறைக்குக் காப்புரிமை பெற்றார். இருநூற்றைம்பது ஆண்டுகளாக வீட்டுக்குள் கழிப்பறை வைத்துக்கொள்ள முடிகிறதென்றால் அதற்கு இந்தத் தண்ணீர்தான் காரணம்.

இனிமேல்தான் முக்கியமான செய்தி. இந்தத் தண்ணீர் எவ்வளவு ஆழம் நிற்கிறது என்பது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. வழக்கமான கோப்பைகளில் 50 மி.மீ. ஆழம் வைப்பார்கள். மாடிக் கட்டடங்களில் மேல்தளத்துத் தண்ணீர் குழாயில் இறங்கும்போது உள்ளே காற்று இழுக்கும். ஆழம் குறைவாக இருந்தால் வளைவில் நிற்கும் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிவிடும் என்பதால் அந்த அளவு. தனி வீட்டில், கோப்பையிலிருந்து நேராக உறிஞ்சுகுழிக்குப் போகும் அமைப்பில் அந்த இழுப்பு கிடையாது. அங்கே 20 மி.மீ. போதும். 1970-இல் பிந்தேஷ்வர் பாதக் தொடங்கிய சுலப் அமைப்பு பரப்பிய கோப்பை இந்த வகைதான். கோப்பை அடியின் சரிவு 25 முதல் 28 பாகை வரை இருக்கும், வளைவில் 20 மி.மீ. தண்ணீர் நிற்கும். கையால் ஊற்றும் ஒன்றரை இரண்டு லிட்டரில் சுத்தமாகப் போய்விடும். பழைய ஃப்ளஷ் தொட்டிகளோ ஒரு இழுப்புக்குப் பத்து லிட்டருக்குக் குறையாமல் கொட்டும்.

ஊரகக் குடிநீர்த் திட்டத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது கணக்கு. பத்து லிட்டர் தொட்டியை ஒருவர் ஐந்து முறை இழுத்தால் 50 லிட்டர் போய்விட்டது. மிச்சம் ஐந்து லிட்டரில் குளிப்பதா, சமைப்பதா? நம் கன்னியாகுமரி இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம்தானே என்று சொல்லிவிடலாம். ஆனால் குளச்சல், முட்டம், இனயம் வரிசையில் கடற்கரை ஊர்களைப் பாருங்கள். வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. கிணறும் குழியும் ஒரே துண்டு நிலத்தில் இருக்கும் வீடுகள் உண்டு. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறி வருகிறது. குழிக்குள் நாம் கொட்டும் தண்ணீர்தான் கிருமியைச் சுமந்துகொண்டு மணல் வழியே போகிறது. அங்கே தண்ணீரைக் குறைத்து ஊற்றுவது, கிணற்றைக் காப்பாற்றும் வேலையும் கூட.

இவ்வளவும் ஒரு விரற்கடைத் தண்ணீரில் நிற்கிறது. 20 மி.மீ. என்பது ஏறக்குறைய ஒரு விரற்கடை. இந்த வகைக் கோப்பையில் வளைவு தனித் துண்டாக வரும். கொத்தனார் கோப்பையின் விளிம்பில் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் பூசிவிடுகிறார், அடியில் வளைவு வெளிப்பக்கம் சாய்ந்திருப்பது மேலிருந்து தெரிவதில்லை. 50 மி.மீ.யில் சிறிது சாய்ந்தாலும் மீதி காப்பாற்றும். 20 மி.மீ.யில் அரை விரற்கடை போனால் பாதி போய்விட்டது. பிறகு நாற்றம் வரும், வீட்டுக்காரர்கள் வாளி வாளியாக ஊற்றுவார்கள், இரண்டு லிட்டர் கோப்பை வாங்கியதன் பயனே இல்லாமல் போகும். கோப்பையை மேலே பொருத்தும் முன், வளைவில் வழியும்வரை தண்ணீர் ஊற்றி, உள்மடிப்பு (வளைவின் மேல்சுவர் கீழே இறங்கி நிற்கும் விளிம்பு) தண்ணீருக்குள் ஒரு விரற்கடை மூழ்கியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். இதைக் கையேட்டில் சொல்ல நமக்கு ஒரு சொல் வேண்டும். சாந்துக் கையோடு சித்தாளைக் கூப்பிட்டுச் சொல்கிற அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும்.

என் முன்மொழிவு: நீர்த்தாழ். தாழ்ப்பாளில் இருக்கும் அதே தாழ். தண்ணீரால் ஆன தாழ். கோடையில் பூட்டிக் கிடந்த வீட்டில் ‘தாழ் வற்றிவிட்டது’, மாடிக் குழாயில் ‘தாழ் உறிஞ்சப்பட்டது’, சாய்த்துப் பூசிய இடத்தில் ‘தாழ் குறைந்துவிட்டது’ என்று வினையோடு இயல்பாகச் சேர்கிறது. ட்ராப் என்று நாம் சொல்லும் வளைவுக்கு ‘வளைகழுத்து’ என்று எழுதியிருக்கிறேன்.

முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கு உயர்ந்த இருக்கைதான் வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க முடியாது. அங்கே தண்ணீரை மிச்சப்படுத்த 1980-இல் ஆஸ்திரேலியாவில் வந்த இரட்டைப் பொத்தான் தொட்டி இருக்கிறது. இப்போதைய தொட்டிகளில் ஆறும் மூன்றும் லிட்டர் பரவலான அளவு. ‘முழுவீச்சு’, ‘அரைவீச்சு’ என்று வைக்கலாம். இதில் பெரிய தகராறு வராது என்று நம்புகிறேன்.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து

---

அனுப்புநர்: தக்கலை

அன்புத் தம்பிக்கு,

அடைப்பு வேண்டாம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ‘தாழ்’ தனியாக நிற்கும்போது இன்றைய வாசகர் அதைத் தாழ்ப்பாளாக எடுத்துக்கொள்வார் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? ‘நீர் தாழ்ந்தது’ என்ற பொருள்தான் முதலில் தோன்றும். ‘த்’ ஒன்று அச்சில் விடுபட்டால் ‘நீர் தாழ்’ என்று கட்டளையாகவே மாறிவிடும். நீர்ப்பூட்டு என்றால் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். பூட்டு எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

---

அனுப்புநர்: நாகர்கோவில்

ஐயா,

குழப்பம் வரலாம் என்பது நியாயமான கவலை. அதனால் கையேட்டில் எங்கும் ‘தாழ் 20 மி.மீ.’ என்று மொட்டையாக எழுதாமல் ‘நீர்த்தாழின் ஆழம் ஒரு விரற்கடை, அதாவது 20 மி.மீ.’ என்றே எழுதுவோம். ஆழம் என்ற சொல் கூட நின்றால் நீர்மட்டம் தாழ்ந்தது என்று யாரும் படிக்க மாட்டார்கள். படத்திலும் அம்புக்குறி போட்டு மேல்மட்டத்தையும் உள்மடிப்பையும் காட்டிவிடலாம்.

பூட்டை ஏன் தவிர்க்கிறேன் என்றால், பூட்டு நாம் வெளியே போகும்போது போடுவது. தாழ், உள்ளே இருப்பவர் தம் பாதுகாப்புக்காகப் போட்டுக்கொள்வது. குழியில் இருப்பது வீட்டுக்குள் வராமல் உள்ளிருந்து காக்கிற வேலைக்குத் தாழ்தான் பொருந்துகிறது. இன்னொன்று, கால்வாயில் படகை மட்டம் மாற்றி ஏற்றி இறக்கும் அமைப்புக்கு நீர்ப்பூட்டு என்ற சொல் நமக்குத் தேவைப்படும். ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாய் ஓடிய மாவட்டத்தில் அந்தச் சொல்லைக் கழிப்பறைக்குச் செலவழித்துவிட வேண்டாம்.

வளைகழுத்து பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் வேலை செய்கிற கொத்தனார்களிடம் நீர்த்தாழ், நீர்ப்பூட்டு என்ற இரண்டு சொல்லையும் சொல்லிக் காட்டி, தயக்கமில்லாமல் அவர்கள் வாயில் எது வருகிறது என்று கேட்டு எழுதுங்கள். படங்களுக்குப் பெயர் பொறிக்கும் வேலையை அதுவரை நிறுத்தி வைக்கிறேன்.