அரசு அறிவிப்பு மக்களுக்குச் சேராமல் எந்த இடத்தில் அறுந்தது? நேரில் பார்த்ததை எழுதுங்கள்

வெள்ளை அட்டை:

ரெண்டு மாத மின் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினா கட்டண அட்டவணையே மாறும், அந்தக் கோடு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். 2023 கோடையில ஒரு வாடகை வீட்டு மின் அட்டையைப் பார்க்க நேர்ந்தது, இன்னும் மனசை அரிக்குது. ரெண்டு ரீடிங் தேதிக்கு நடுவுல 65 நாள். யூனிட் 520. அந்த அம்மா தேதியைப் பார்க்கவே இல்ல, ராத்திரி முழுக்க ஃபேன் ஓடினதாலன்னு பிள்ளைகளைத் திட்டிட்டு இருந்தாங்க.

கணக்கைப் பாருங்க. ஒரு நாளைக்கு 8 யூனிட், 60 நாள்ல எடுத்திருந்தா 480. அப்ப இருந்த 2022 செப்டம்பர் கட்டணப்படி முதல் 100 இலவசம், அடுத்த 100 ரூ.2.25, அடுத்த 200 ரூ.4.50, மீதி 80 ரூ.6. மொத்தம் ரூ.1,605. 520 ஆனதும் அட்டவணையே வேற. 101 முதல் 400 வரை முழுக்க ரூ.4.50, அடுத்த 100 ரூ.6, கடைசி 20 ரூ.8. மொத்தம் ரூ.2,110. அஞ்சு நாள் தள்ளிப்போனதுக்கு ரூ.505 கூட. அடுத்த தடவை 55 நாள்ல வந்து 440 யூனிட் எழுதினாலும் முழுசா ஈடாகாது. அது ரூ.1,365, ஆக 120 நாளுக்கு ரூ.3,475. சரியா 60, 60 எடுத்திருந்தா ரூ.3,210தான்.

அதுக்கப்புறம் விலை ஏறியிருக்கு, 500ங்கிற கோடு அங்கேயேதான் நிக்குது. அரசு கொடுக்கிற மானியம் ரீடிங் தேதியில கரையுது. இப்படி ஒரு இடத்தை நீங்க பார்த்திருந்தா எழுதுங்க.

மூணு அடுப்பு:

பெண்களுக்கு மாதம் ரூ.1,000 கொடுக்கிற மகளிர் உரிமைத்தொகையில பார்த்தது. அதுவும் மீட்டர்தான்.

2023 செப்டம்பர் 15 திட்டம் தொடங்கின சமயம். நிராகரிப்புன்னு போனுக்கு வந்த செய்தி, காரணம் மின் பயன்பாடு. விதி: குடும்பம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல போகக்கூடாது. அந்த வீட்டுல மூணு அண்ணன் தம்பி குடும்பம், மூணு ரேஷன் அட்டை, மூணு அடுப்பு, ஒரே மீட்டர். ஆளுக்கு 1,300 ஓடினாலே 3,900. மூணு பேருமே வெளியே. நெசவுக் கூலிக்குப் போற பெண்ணை வசதியானவங்க பட்டியல்ல சேர்த்தது அந்த ஒரு மீட்டர்.

மேல்முறையீடு வருவாய்க் கோட்டாட்சியருக்கு (ஆர்.டி.ஓ.), செய்தி வந்த 30 நாளுக்குள்ள இ-சேவை மையம் வழியா. "மறுபரிசீலனை செய்யவும்"னு மட்டும் எழுதினா கள ஆய்வுல அதே எண்ணைப் பார்த்து அதையே எழுதிடுவாங்க. எந்தக் காரணத்துக்கு நிராகரிச்சாங்களோ அதுக்கு மட்டும் பதில் கொடுக்கணும்: மின் இணைப்பு எண், அந்தக் கதவு எண்ல இருக்கிற எல்லா ரேஷன் அட்டையோட நகல், மொத்த யூனிட்டைக் குடும்பத்தால வகுத்த கணக்கு.

வெள்ளை அட்டை சொன்னதுக்கு: 2021 தேர்தல்ல தி.மு.க. சொன்ன மாதாந்திரக் கணக்கீடு வந்திருந்தா இது தீர்ந்திருக்கும்.

அட்டவணை:

மூணு அடுப்பு, அது தானா தீராது. மாதக் கணக்குன்னா ஸ்லாபையும், அதாவது யூனிட் படிகளையும், பாதியாக்கணும். கோடு 250-க்கு வரும். அதே 480 யூனிட்டை ஏப்ரல் 200, மே 280-ன்னு பிரிங்க. ஏப்ரலுக்கு ரூ.562.50. மே மாதம் கோட்டைத் தாண்டிடுச்சு, ரூ.1,215. கூட்டினா ரூ.1,777.50. இரு மாதக் கணக்குல ரூ.1,605தான் வந்திருக்கும். ஒரு மாதம் கூடி ஒரு மாதம் குறையிற வீட்டுக்கு மாதக் கணக்கு பாதகம்.

நாம கேட்க வேண்டியது நாள் கணக்குல ஸ்லாப். 65 நாள் ஓடினா கோடு 541-க்கு நகரணும். பில் போடுற மென்பொருள்ல ஒரு பெருக்கல். அதுக்கு பட்ஜெட்ல தனி ஒதுக்கீடு தேவையில்ல.

நடுவழி:

எல்லாருக்கும் ஆயிரம்னா எங்கேயாவது கோடு போட்டுத்தானே ஆகணும்? நன்செய் 5 ஏக்கர், புன்செய் 10 ஏக்கர், வருமானம் 2.5 லட்சம்னு வச்சதுல என்ன தப்பு? ஒரு மீட்டர் கதையை வச்சு விதியையே தப்புன்னு சொல்லிட முடியாது. பணம் எங்கிருந்து வருதுன்னும் பார்க்கணும்.

நாலிலக்கம்:

நடுவழி, பணத்துல இருந்தே வர்றேன். கோடு எங்கே விழும்ங்கிறதை ஒதுக்கீட்டுத் தொகையே சொல்லிடுது. 2023-24-க்கு ரூ.7,000 கோடி. செப்டம்பர் முதல் மார்ச் வரை ஏழு மாதம், ஆளுக்கு ரூ.7,000. வகுத்தா சரியா 1 கோடி பேர். விண்ணப்பம் வாங்குறதுக்கு முன்னாடியே எண்ணிக்கை முடிவாகிடுச்சு, தகுதி விதிகள் அந்த எண்ணிக்கைக்குள்ள ஆட்களைக் கொண்டுவரத்தான் பயன்பட்டன. 2024-25-க்கு ரூ.13,720 கோடி, 12,000-ஆல வகுத்தா சுமார் 1.14 கோடி. 2025-26-க்கு ரூ.13,807 கோடி, 1.15 கோடி. அந்த ரெண்டு பட்ஜெட்டுக்கு நடுவுல எத்தனை புதுப் பெண்களுக்கு இடம் வச்சாங்கன்னு நீங்களே கழிச்சுப் பாருங்க. எந்த மாதாந்திர உதவித்தொகைக்கும் இதைச் செய்யலாம்.

எனக்கு உறுத்துற காட்சி வேற. ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல புது ஆய்வகக் கட்டடம். பளிங்குக் கல்வெட்டு, உள்ளே மேசை, கருவிக்கு மேல பிளாஸ்டிக் உறை பிரிக்கல, கதவுல பூட்டு. ரத்தப் பரிசோதனைக்கு வந்தவங்களைத் தனியார் லேபுக்கு அனுப்பிட்டு இருந்தாங்க. கேட்டா "ஸ்டாஃப் சேங்ஷன் வரல."

ஏன் இப்படி ஆகுதுன்னா, கட்டடமும் ஆளும் பட்ஜெட்ல வேற வேற தலைப்பு. நாலு இலக்கத்துல 2 அல்லது 3-ல தொடங்கினா வருவாய்ச் செலவு: சம்பளம், மருந்து, பராமரிப்பு. 4 அல்லது 5-ல தொடங்கினா மூலதனம்: கட்டடம், பெரிய கருவி. மருத்துவத்துக்கு 2210, அதோட மூலதனத் தலைப்பு 4210. பள்ளிக்கு 2202, 4202. 4210-ல பணம் வந்து, 2210-ல பணியிடம் ஒப்புதல் ஆகலைன்னா பூட்டுதான் மிஞ்சும். வருவாய்ப் பற்றாக்குறையைக் குறைக்கச் சொல்லி எழுதுற தலையங்கங்கள் இந்தப் பணியிடத்தைத்தான் குறைக்கச் சொல்லுது. நர்ஸ் சம்பளம் அவங்க கணக்குல "வீண் செலவு", பூட்டின கட்டடம் "முதலீடு". இதை ஏத்துக்கவே முடியாது.

யாரும் கேட்கலைன்னாலும் சொல்லிடுறேன், பயன்படும். அமைச்சர் உரையை மட்டும் படிக்காதீங்க. நிதித்துறை இணையதளத்துல மானியக் கோரிக்கை (ஒவ்வொரு துறைச் செலவுக்கும் சட்டமன்றத்துல கேட்கிற தொகை) வாரியா தொகுதிகள் இருக்கு. பள்ளிக்கல்வி கோரிக்கை எண் 43, மக்கள் நல்வாழ்வு 19. ஒவ்வொரு வரியிலயும் நாலு எண் வரும்: முடிஞ்ச ஆண்டின் கணக்கு, நடப்பாண்டு மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டு மதிப்பீடு. மதிப்பீட்டை விடத் திருத்திய மதிப்பீடு குறைஞ்சிருந்தா பணம் செலவாகலைன்னு அர்த்தம். அதே வரியை அடுத்த ஆண்டுத் தொகுதியில "கணக்கு"ல தேடுங்க, உண்மை அங்கே இருக்கும். ஆண்டு நடுவுல வர்ற துணை மதிப்பீட்டுல ஒரு திட்டத்துக்கு வெறும் ரூ.1,000 போட்டிருந்தா பதறாதீங்க, புதுப் பணிக்குச் சட்டமன்ற ஒப்புதல் வாங்குற அடையாளத் தொகை அது. ஆனா அடுத்த பட்ஜெட்லயும் அது ஆயிரமாவே நின்னா கேள்வி கேளுங்க. கடைசியா தணிக்கைத் துறையோட ஒதுக்கீட்டுக் கணக்குல "மிச்சம்", "ஒப்படைப்பு"ங்கிற பத்திகள். மார்ச் 31-ல ஒப்படைச்ச தொகை வேற வேலைக்குப் பயன்பட்டிருக்க முடியாது.

விரல் விழல:

ரேஷன் கடை வரிசை. சித்தாள் வேலை பார்க்குற அம்மா, சுண்ணாம்புல ரேகை தேஞ்சுபோச்சு. மெஷின்ல விரலை வச்சு வச்சு எடுக்குறாங்க, ஒவ்வொரு தடவையும் விரலைச் சேலையில துடைச்சுக்கிறாங்க. பின்னாடி இருந்து ஒருத்தர் "நாளைக்கு வாங்க பாட்டி"ன்னாரு. அந்த வார்த்தைதான் போகவே மாட்டேங்குது. ரொம்ப ஏழைக் குடும்பத்துக்குக் கொடுக்கிற அந்தியோதயா அட்டை, 35 கிலோ அரிசி. நாளைக்குன்னா ஒரு நாள் கூலி போச்சு.

செய்யக்கூடியவை இருந்தன. முதல்ல மெஷின் கண்ணாடியைத் துடைக்கணும், எண்ணெய்ப் பிசுக்குலயே பாதி தோல்வி. ஆதார்ல பத்து விரலும் பதிவாகியிருக்கு, கட்டை விரலையே திரும்பத் திரும்ப வைக்க வேண்டாம், மோதிர விரல்ல தேய்மானம் குறைவு. கருவிழிக் கருவி இருந்தா அது. பதிவு செஞ்ச போன் கையில இருந்தா ஓ.டி.பி. அட்டையில இருக்கிற வேற எந்த உறுப்பினரும் வைக்கலாம். நடக்கவே முடியாதவங்களுக்கு அங்கீகாரப் படிவம் கொடுத்து இன்னொருத்தரை அனுப்பலாம். 2025 ஆகஸ்ட் 12-ல தாயுமானவர் திட்டம் தொடங்கினப்ப 70 வயசு தாண்டினவங்க, மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கே பொருள் வரும்னு வச்சாங்க. இந்த அம்மாவுக்கு 70 ஆகல. உடம்பு தேஞ்சதுக்கு வயசு வரம்பு பொருந்தல.

கைரேகை விழலைன்னு யாரையும் திருப்பி அனுப்பக்கூடாதுன்னு ஒன்றிய உணவுத் துறையே 2017 அக்டோபர்ல மாநிலங்களுக்கு எழுதியிருக்கு. கடைக்காரர்கிட்ட கோபப்படாம அதைச் சொல்லுங்க.

மூட்டைத் தூக்கி:

விரல் விழல தோழர், கடைக்காரர் பக்கமும் ஒரு வார்த்தை. இப்ப தராசையும் பில் மெஷினையும் இணைச்சுட்டாங்க, எடை சரியா விழுந்தாத்தான் பில் வரும். நல்ல காரியம். ஆனா குடோன்ல இருந்து கடைக்கு வர்ற மூட்டையை எடை போட்டு இறக்குறாங்களா? சாக்கு நீங்கலா 50 கிலோ இருக்கணும். மூட்டைக்கு 2 கிலோ குறைஞ்சா 100 மூட்டைக்கு 200 கிலோ, 20 கிலோ வாங்குற பத்து அட்டையோட அரிசி. முன்னாடி அது ஒவ்வொரு அட்டையிலயும் அரைக் கிலோவா கழிஞ்சது. இப்ப விற்பனையாளர் கையில இருந்து கட்டுறாரு, இல்ல "ஸ்டாக் இல்ல"ங்கிறாரு. லாரி இறங்கும்போது கடை வாசல்லயே எடை போடணும்ங்கிற கோரிக்கையை நம்ம ஆளுங்களும் சேர்ந்து எழுப்பணும். தராசைப் பொதுமக்கள் பக்கம் மட்டும் திருப்பி வச்சா போதாது.

200 ரூபாய்:

ஓ.ஏ.பி. பத்திச் சுருக்கமா. முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்ட்ல ரூ.1,200 ஆச்சு. ஒன்றிய அரசு திட்டத்துக்குள்ள வர்ற ஒருத்தருக்கு அதுல டெல்லி கொடுக்கிறது 79 வயசு வரைக்கும் ரூ.200, 80 ஆனா ரூ.500. 2007-ல திட்டத்துக்கு இந்திரா காந்தி பேர் வச்சப்பவும் அதே 200. அரிசி, எண்ணெய், பஸ் எல்லாம் எங்கேயோ போயிடுச்சு. இங்கே நமக்கு எதுவும் வெட்டுப்படல, எல்லாம் அங்கேதான். பன்னிரண்டாம் நிதிக்குழு காலத்துல மாநிலங்களுக்குப் பிரிக்கிற ஒன்றிய வரியில தமிழ்நாட்டுப் பங்கு 5.305 விழுக்காடு, பதினைந்தாம் நிதிக்குழுவுல 4.079. ஒன்றிய அரசு கூடுதலா வாங்குற செஸ், சர்சார்ஜ் வரிகள் அந்தப் பகிர்வுக் கணக்குக்குள்ள வர்றதே இல்ல. பி.எம். ஸ்ரீ-ங்கிற ஒன்றியப் பள்ளித் திட்டத்துல கையெழுத்துப் போடலைன்னு 2024-25-ல சமக்ர சிக்ஷா (பள்ளிக் கல்வித் திட்டம்) பணம் ரூ.2,152 கோடியை நிறுத்தினாங்க.

அட்டவணை:

200 ரூபாய் சொன்ன எண்கள் சரி, "எல்லாம் அங்கேதான்"ங்கிறது சரியில்ல. மாநிலம் ரூ.1,000 ஆக்கினது 2011-ல. ரூ.1,200 ஆக 12 வருஷம் ஆச்சு, ரெண்டு கட்சி ஆட்சியிலயும். ரீடிங் தேதி, ஒரே மீட்டர், மூட்டை எடை எதுக்கும் டெல்லி கையெழுத்து வேண்டாம். வரிப் பங்குக்கு டெல்லியோட சண்டை போடுறதும், சென்னையில விதியை மாத்தச் சொல்றதும் ஒரே ஆட்கள்தான் செய்யணும். ஒண்ணைக் காட்டி இன்னொண்ணை விட்டுடக் கூடாது.

படிவம் 30:

கிராம சபையில பார்த்தது. செயலர் படிவம் 30 வரவு செலவை ஒரே மூச்சில படிச்சு முடிச்சாரு. குடிநீர்ப் பராமரிப்புன்னு ஒரு தொகை போனது யார் காதுலயும் விழல. கடைசித் தெருப் பெண் ஒருத்தர் குடத்தைத் தூக்கிக் காட்டினாங்க, தண்ணி பழுப்பு. "தீர்மானத்துல இல்லாததைப் பேசாதீங்கம்மா"ன்னு சொல்லிட்டாங்க.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த ஆறு நாளும் நம்ம நாள். 500-க்கு மேல 3,000 பேர் வரைக்கும் உள்ள ஊருன்னா குறைவெண் (கூட்டம் செல்ல வர வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்) 100, அதுக்கு மேல 10,000 வரை 200. வருகைப் பதிவேட்டுல கையெழுத்தை எண்ணுங்க, கூட்டம் முடிஞ்சு வீடு வீடா கையெழுத்து வாங்குற பழக்கம் இருக்கு. 2019 டிசம்பர்ல ஊராட்சித் தேர்தல் நடந்த மாவட்டங்கள்ல 2025 ஜனவரி 5-ஓட தலைவர்கள் பதவிக்காலம் முடிஞ்சு, ஊராட்சி அரசு நியமிச்ச தனி அலுவலர் பொறுப்புக்குப் போயிடுச்சு. ஓட்டுக் கேட்டு வர வேண்டிய அவசியம் இல்லாதவங்ககிட்ட எழுத்து மட்டும்தான் செல்லும்.

அதனால கூட்டத்துக்கு முன்னாடியே எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கணும். "தண்ணி சரியில்லை"ன்னு எழுதினா பதில் வராது. மேல்நிலைத் தொட்டி மாதம் ரெண்டு தடவை, 5-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் கழுவணும், தேதியைத் தொட்டியிலேயே எழுதணும். கடைசியா எழுதின தேதி எதுன்னு கேளுங்க. 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். மூட்டை திறந்து கிடந்தா வீரியம் போயிடும், அளவு சரியா இருந்தும் பயன் இருக்காது. கடைசித் தெருக் குழாயில குளோரின் குறைந்தது 0.2 பி.பி.எம். (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) நிக்கணும். தொட்டிக்குக் கீழே இருக்கிற குழாயில சோதிச்சுட்டுப் போயிடுவாங்க, கடைக்கோடிக் குழாயிலதான் சோதிக்கணும்னு தீர்மானமா எழுத வைங்க. தீர்மான எண்ணைக் குறிச்சுக்கிட்டு நகல் கேளுங்க. தரலைன்னா தகவல் உரிமைச் சட்டத்துல ரூ.10 கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அதே எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்டா 30 நாளுக்குள்ள பதில் தந்தாகணும்.