மறு: சார்கோபீனியாவைத் தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்.

தசையின் அளவும் வலுவும் குறைந்துபோகும் சார்கோபீனியா என்ற நிலைக்குத் தமிழ்ச்சொல் தேடி நேற்றிலிருந்து வந்த மடல்களை எல்லாம் படித்துவிட்டேன். தசையிழப்பு, தசைத்தேய்வு, தசைச்சூம்பல் என மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றும் நல்ல தமிழ்தான். ஆனால் நாம் இதை எழுதப்போவது புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் போகிறவர் கையில் கொடுக்கும் கையேட்டில், அங்கே மூன்றும் இடறும் என்று எனக்குப் படுகிறது.

சூம்பலையே எடுத்துக்கொள்வோம். கால் சூம்பிப்போச்சு என்றால் அது பார்த்ததும் தெரிகிற விஷயம். இங்கே சிக்கலே வெளியில் தெரியாததுதான். என் பெரியப்பாவுக்குப் பெருங்குடலில் புற்று வந்து அறுவைக்கு நாள் குறித்தபோது வீட்டில் எல்லோரும் சொன்னது, "நல்லா சதை போட்ட உடம்பு, தாங்கிடுவார்" என்றுதான். அப்போதே அவர் நாற்காலியில் கையை ஊன்றாமல் எழ மாட்டார், அதை நான் உட்பட ஒருவரும் பொருட்படுத்தவில்லை. அறுவை நல்லபடியாகவே முடிந்தது. அப்புறம் இருமிச் சளியைத் துப்பவும் வலு இல்லாமல் நிமோனியா வந்து, எழுந்து நடப்பதற்கே வாரக்கணக்கில் ஆகிவிட்டது. தசையும் சதையும் எழுத்து இடம் மாறிய ஒரே சொல்தான், ஆனால் பேச்சில் சதை என்றால் கொழுப்பும் அதற்குள் வந்துவிடுகிறது. அந்தக் குழப்பத்தைத்தான் நம் சொல் அவிழ்க்க வேண்டும்.

அறுவைக்குப் பிறகு காயம் ஆறவும் கிருமியை எதிர்க்கவும் உடம்புக்குப் புரதம் வேண்டும், சாப்பாடு சரியாக இறங்காத அந்த நாட்களில் அது தசையைக் கரைத்துத்தான் எடுத்துக்கொள்ளும். கையிருப்பு ஏற்கெனவே குறைவு என்றால் எங்கே போவது? மூச்சுக்கும் இருமலுக்கும் வேண்டியதும் தசைதான். வயிற்றுக்குள் குடலைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்போ அறுவையையே கடினமாக்குகிறது, நேரம் நீள்கிறது. எடைபார்க்கும் கருவிக்குத் தசைக்கும் கொழுப்புக்கும் உள்ள இந்த வேறுபாடு தெரியாது, எடையை உயரத்தோடு ஒப்பிடும் பிஎம்ஐக்கும் தெரியாது. புற்று எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்க எடுத்த சிடி படத்திலேயே மூன்றாம் இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் தசையின் பரப்பை அளந்து, உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் தெரிந்துவிடும். 2008இல் கனடாவில் கார்லா பிராடோ குழுவினர் நுரையீரல், செரிமானப் பாதைப் புற்று உள்ள பருமனான 250 பேரின் படங்களை இப்படி அளந்தார்கள். அதில் 15 விழுக்காட்டினருக்குத் தசை மிகக் குறைவாக இருந்தது, அவர்கள் உயிர் வாழ்ந்த காலமும் குறைவு.

தேய்வு எனக்கு ஒப்பவில்லை. மூட்டுத் தேய்மானம் என்று கேட்டதும் வயசானா அப்படித்தான் என்று விட்டுவிடுகிறோமே, அதே மனநிலையை இதற்கும் கொண்டுவந்துவிடும். தசையைப் பயிற்சியாலும் உணவாலும் ஓரளவு மீட்கலாம் என்று சொல்லத்தானே கையேடே எழுதுகிறோம்.

இழப்பு என்பது மூலத்துக்கு நெருக்கம், மறுக்கவில்லை. இர்வின் ரோசன்பர்க் 1988இல் கிரேக்கத்திலிருந்து இந்தச் சொல்லை உருவாக்கியபோது பொருள் தசைக்குறைவு என்ற அளவில்தான் இருந்தது. ஆனால் ஐரோப்பிய நிபுணர் குழு 2018இல் வரையறையைத் திருத்தி வலுவை முதலில் வைத்தது, அளவு அதற்கு அடுத்துதான். இழப்பு, குறைவு இரண்டிலும் அளவு வருகிறது, வலு வரவில்லை.

அதனால் நான் தசைநலிவு என்கிறேன். நலிவில் மெலிவும் உண்டு, வலுவின்மையும் உண்டு. பிள்ளைகளுக்கு வரும் மரபுவழி நோய்க்கும் சிலர் இதை எழுதுகிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் அதற்குத் தசைச்சிதைவு என்ற சொல் இருக்கிறது, அதை அதற்கே விட்டுவிடலாம்.

இதில் எனக்குப் பெரிய ஆதாயமாகத் தெரிவது அடுத்த சொல். பருமனும் தசைநலிவும் ஒருவரிடமே இருந்தால் நலிதசைப் பருமன். ஊறுகாய் போல வினைத்தொகை, ஆகவே நலித்தசை என்று ஒற்று மிகாது. நலிந்த, நலிகின்ற, நலியும் தசை மூன்றும் அதில் அடக்கம், நோயால் முன்பே நலிந்து, படுக்கையில் நலிந்து, வீடு திரும்பிய பிறகும் நலிகிற உடம்புக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

தசை இழைகளுக்குள் கொழுப்பு புகுவதற்குத் தசைநிணம் என்று ஒருவர் எழுதியிருந்தார். நிணம் என்றால் கொழுப்பு, அழகான பழஞ்சொல்தான், ஆனால் புற்றுநோய்ப் பிரிவில் நிணம் என்றதும் நிணநீர்க் கணுதான் நினைவுக்கு வரும், நோயாளி பயந்துபோவார். கொழுப்பேறிய கல்லீரல் என்று ஏற்கெனவே சொல்கிறோம், அப்படியே கொழுப்பேறிய தசை என்று வைத்துக்கொள்ளலாமே?

கையேட்டில் வரவேண்டிய வாக்கியத்தை எழுதிப் பார்த்தேன்: "உங்களுக்கு நலிதசைப் பருமன் உள்ளது. எடை குறையட்டும் என்று அறுவைக்கு முன் பட்டினி கிடக்காதீர்கள், கொழுப்போடு தசையும் கரைந்துவிடும்." உங்கள் வீட்டுப் பெரியவர் யாரிடமாவது இதைப் படித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் நிறுத்தி "அப்படின்னா?" என்று கேட்கிறார் என்று எழுதுங்கள், அந்தச் சொல்லை மாற்றுவோம்.