சிறுநீரக மாற்றுக்குப் பின் ஏற்காடு தோட்ட வேலைக்குத் திரும்புவது எப்படி?

கேள்வி: தம்பிக்கு மாற்று அறுவை முடிந்து ஆறு மாதம். காப்பித் தோட்ட மேற்பார்வையாளர். வீட்டிலேயே முடங்கி மனம் சோர்ந்திருக்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1: டாக்டர் சரியென்றால் முதலில் கணக்கு வேலை, அரை நாள் மட்டும். மக்கிய எரு, சருகு கிளறும் பக்கம் போகவே வேண்டாம். அதிலிருந்து பறக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை வித்து, எதிர்ப்பு சக்தி குறைந்தவர் நுரையீரலைப் பிடித்துவிடும். மண் வேலைக்குக் கையுறை, மூடிய காலணி கட்டாயம்.

பதில் 2: டாக்ரோலிமஸ் (எதிர்ப்பு சக்தியைக் குறைத்து, புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் மாத்திரை) 12 மணி நேர இடைவெளியில்: காலை 9 என்றால் இரவு 9. ரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்கச் சேலம் இறங்கும் நாளில் காலை மாத்திரையைப் பையில் வைத்துக்கொள்ளட்டும், ரத்தம் கொடுத்த பிறகுதான் போட வேண்டும். முன்பே விழுங்கினால் அளவு கூடுதலாகக் காட்டும். அதை நம்பி டோஸைக் குறைத்தால் சிறுநீரகத்துக்கே ஆபத்து. பம்பளிமாஸ் தொடவே கூடாது. மருந்தைச் சிதைக்கும் நொதியை அது தடுக்கும். ரத்தத்தில் மருந்து ஏறி கை நடுங்கும். வயிற்றுப்போக்கு வந்தாலும் அளவு ஏறலாம், உடனே சொல்லுங்கள்.

பதில் 3: மனச்சோர்வை டாக்டரிடம் மறைக்காதீர்கள் ஐயா. மாற்றுக்குப் பின் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையான பிரட்னிசலோன் தூக்கத்தையும் மனநிலையையும் கெடுக்கக்கூடியது. ஏரியைச் சுற்றித் தினமும் நடக்கட்டும். உறுப்பு மாற்று பெற்றவர்களுக்கென்றே 1978 முதல் உலக விளையாட்டுப் போட்டி நடக்கிறது, அவரிடம் சொல்லுங்கள்.