அறையின் சத்தத்தோடு பதிவான பாடல்கள்: நீங்கள் கேட்டவை எவை?

வைகைக்கரை:
மூன்று மாதமாக ஒரே ஆல்பத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். அமெரிக்கப் பாடகர் ஃபில் எல்வ்ரம், மவுண்ட் ஈரி என்ற பெயரில் 2017-இல் வெளியிட்ட ‘எ க்ரோ லுக்ட் அட் மீ’ (ஒரு காகம் என்னைப் பார்த்தது). அவருடைய மனைவி ஜெனவியேவ் காஸ்ட்ரே, படக்கதை வரைந்தவர், பாடியவர். 2016 ஜூலையில் கணையப் புற்றுநோயால் இறந்தார். மகளுக்கு அப்போது இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. வாஷிங்டன் மாநிலத்தின் அனகோர்ட்டஸ் ஊரில், மனைவியின் உயிர் போன அதே அறையில், பெரும்பாலும் மனைவியின் வாத்தியங்களையே எடுத்து வாசித்துப் பதிவு செய்திருக்கிறார்.

முதல் பாட்டில் ஒரு பார்சல் வருகிறது. மனைவி இறந்து ஒரு வாரம் ஆகியிருக்கிறது, பார்சலில் அவர் பெயர். பிரித்தால் மகளுக்கு ஒரு பள்ளிப் பை. என்றோ ஒரு நாள் பள்ளிக்குப் போவாளே என்று யாரிடமும் சொல்லாமல் வாங்கி வைத்திருக்கிறார். அந்த இடம் வந்தால் நான் நிறுத்திவிட்டுச் சற்று நேரம் கழித்துத்தான் தொடர்வேன்.

அம்மா போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. எரிவாயு இணைப்பு இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. சிலிண்டர் கொண்டுவருபவர் வாசலில் நின்று அம்மா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். பெயர் மாற்ற விண்ணப்பம் வாங்கிவந்து, தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் வைத்திருக்கிறேன். இன்னும் நிரப்பவில்லை.

இந்த ஆல்பத்தில் மெட்டு என்று பெரிதாக எதுவும் இல்லை. சமையலறையில் நின்று பேசுவதுபோல வரிகள் தாளத்தைத் தாண்டி ஓடுகின்றன. ஆனால் அந்த அறை காதில் விழுகிறது. அப்படி, பதிவான இடமும் சேர்ந்தே கேட்கிற ஆல்பங்கள் எனக்கு வேண்டும். ஸ்டுடியோவில் கழுவித் துடைத்தவை வேண்டாம்.

நான்காம் தந்தி:
அக்கா, ஏட்ரியன் லெங்கரின் ‘சாங்ஸ்’ (2020) கேளுங்கள். அந்த ஆண்டு மார்ச்சில் அவருடைய பிக் தீஃப் குழுவின் ஐரோப்பியப் பயணம் கொரோனாவால் பாதியில் நின்றது. காதலும் முறிந்திருந்த நேரம். மாசசூசெட்ஸில் வெஸ்ட்ஹாம்ப்டன் பக்கம் ஒற்றை அறை கொண்ட மரவீட்டில் போய்த் தங்கினார். அந்த அறையில் இருப்பது கிதாரின் வயிற்றுக்குள் இருப்பதுபோல இருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒலிப்பதிவாளர் ஃபிலிப் வைன்ரோபை வரவழைத்து, கணினி இல்லாமல், எட்டு ஒலித்தடங்கள் கொண்ட டேப்பில் பதிந்தார்கள். நடுநடுவே பறவைகள் கேட்கும். கூடவே வந்த ‘இன்ஸ்ட்ருமென்டல்ஸ்’ ஆல்பத்தில் இரண்டே நீண்ட வாசிப்புகள்தான். நான் கிதார் பழகுபவன். விரல் ஒரு தந்தியை விட்டு அடுத்ததற்கு நகரும் உராய்வை அதில்தான் கவனிக்கக் கற்றேன்.

எல்வ்ரம் 2001-இல் தி மைக்ரோபோன்ஸ் என்ற பெயரில் செய்த ‘த க்ளோ பார்ட் 2’-வையும் ஒருமுறை கேளுங்கள். அதில் இரைச்சல் மலைபோலக் குவிந்திருக்கும். காகத்தின் ஆல்பத்தில் அவர் எவ்வளவை வேண்டாமென்று விட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சித்திமகள்:
அமெரிக்கப் பாடகர் சுஃப்யான் ஸ்டீவன்ஸ், ‘கேரி அண்ட் லோவெல்’, 2015. சில பகுதிகள் ஆரிகனில் ஒரு ஓட்டல் அறையில் ஐபோனில் பதிவானவை. கேரி, அவரை ஒரு வயதில் விட்டுச்சென்ற தாய். 2012-இல் இறந்தார். லோவெல், அந்தத் தாயைச் சில ஆண்டுகள் மணந்திருந்தவர். கோடை விடுமுறைகளில் சிறுவனுக்குக் கிடைத்த அப்பா. பின்னாளில் ஸ்டீவன்ஸும் லோவெலும் சேர்ந்து இசை வெளியீட்டு நிறுவனமே தொடங்கினார்கள். பெற்றவள் பெயருக்குப் பக்கத்தில் பெறாதவர் பெயரையும் தலைப்பில் வைத்தாரே, அதற்காகவே எனக்கு இந்த ஆல்பம் பிடிக்கும். என்னை வளர்த்தது சித்தி.

புளியந்தோப்பு:
நான் மாறுபடுகிறேன். துக்கத்தை அறைக்குள் பூட்டிக்கொண்டு பாடுவது எனக்கு ஒட்டவில்லை. தாத்தா இறந்த இரவு எங்கள் தெருவில் விடியவிடிய மரண கானா, இறந்தவரைப் பற்றிப் பாடும் சென்னைக் கானா. பாடியவர் முதலில் எங்களிடம் வந்து தாத்தா பெயர், துறைமுகத்தில் பார்த்த வேலை, பேரப்பிள்ளைகள் எல்லாம் கேட்டுக்கொண்டார். அத்தனையும் பாட்டில் வந்தது. பாட்டி பந்தலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவின் 19 பேர் முதன்முதலாக மேடையேறியபோது நான் கூட்டத்தில் நின்றேன். டோலக் விழுந்ததும் தாத்தாவின் பந்தல்தான் கண்ணில் நின்றது. சினிமா சாராத தனியிசை என்றால் தனியாக அழுவது என்று ஆகிவிடக் கூடாது.

வைகைக்கரை:
தம்பி நான்காம் தந்தி, நேற்று மாலை அம்மாவின் தையல் அறையில் சன்னலைத் திறந்து வைத்து லெங்கரைக் கேட்டேன். எது ஆல்பத்துப் பறவை, எது எங்கள் வேப்பமரத்துப் பறவை என்று பல இடங்களில் பிரிக்க முடியவில்லை. சித்திமகள், உங்களுடையதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருக்கிறேன்.

புளியந்தோப்பு, நீங்கள் சொன்னதை இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் பெரியம்மா ஒப்பாரியில் அம்மாவின் பெயரையும் அவர் தைத்துக் கொடுத்த சட்டைகளையும் சொல்லித்தான் அழுதார். நான் அப்போது மருத்துவமனைக் கணக்கை முடிக்க வரிசையில் நின்றிருந்தேன். கேட்கவில்லை, தங்கை சொல்லித்தான் தெரியும். இப்போது திரும்பப் பாடச் சொன்னால் பெரியம்மா மறுக்கிறார். உங்கள் தாத்தாவுக்குப் பாடிய அந்த இரவை யாராவது கைபேசியிலாவது பதிந்து வைத்திருக்கிறார்களா?