'வாஸர்ஃப்ளூட்' பாட்டில் அந்தச் செமிக்வேவர்: ஆடுகிறவருக்கு வேண்டுமா, வேண்டாமா?

தாளக்கட்டு:
'பனிப்பாதை' என்பவர் நேற்று இங்கே எழுதியதைப் படித்து எரிச்சல் தாங்கவில்லை. காதலில் தோற்றவன் பனிக்காலத்தில் தனியே நடந்து போவதைப் பாடும் ஷூபர்ட்டின் 'வின்டர்ரைஸே' பாடல்களை (அதில் ஒன்றுதான் 'வாஸர்ஃப்ளூட்') நவீன நடனத்தோடு மேடையேற்றுவது பற்றிய பேச்சில் அவர் சொன்னது: "வாஸர்ஃப்ளூட்டில் செமிக்வேவர் ட்ரிப்லெட்டோடு சேர்ந்து விழுகிறதா, தள்ளி விழுகிறதா என்பது பியானோக்காரர் பாடு. ஆடுகிறவருக்கு அதனால் ஒன்றும் ஆகாது."

ஒன்றும் ஆகாதா? பியானோவில் வலது கை ஒரு பீட்டை மூன்று சம ஸ்வரமாக வகுக்கிறது, அதுதான் ட்ரிப்லெட். இடது கையில் டாட்டெட் க்வேவரும் செமிக்வேவரும், அதாவது முக்கால் பீட் ஸ்வரம் ஒன்றும் கால் பீட் ஸ்வரம் ஒன்றும். பீட்டைப் பன்னிரண்டு கூறு போடுங்கள். ட்ரிப்லெட்டின் மூன்றாவது ஸ்வரம் எட்டு கூறு கழிந்து விழும், செமிக்வேவர் ஒன்பது கூறு கழிந்து. நிமிடத்துக்கு 50 பீட் என்று வைத்தால் ஒரு பீட் 1.2 விநாடி. வித்தியாசம் 0.1 விநாடி. காலை இழுத்து உடல் எடையை மாற்றும் அசைவில் இந்த 0.1 தான் உயிர். சேர்த்து விழுந்தால் அது நடை. தள்ளி விழுந்தால் களைத்துப்போனவனின் கால்.

பனிப்பாதை:
என் வரியைப் பாதியில் வெட்டிவிட்டீர்கள். நவீன நடனம் ஸ்வரத்துக்கு ஸ்வரம் காலடி வைக்கிற வேலை இல்லை என்றும் எழுதியிருந்தேன். 2002இல் நடன அமைப்பாளர் ட்ரிஷா பிரௌன் நியூயார்க்கில் இதை அமைத்தபோது பாடகர் சைமன் கீன்லிசைட் பியானோவின் வளைவில் கைகட்டி நிற்கவில்லை. மூன்று நடனக் கலைஞர்களோடு அவரும் அசைந்துகொண்டே பாடினார். அப்படி ஆடும்போது கணக்கு மூச்சில் இருக்கிறது. பாடகர் மூச்செடுக்கும் இடத்தில் உடல் எழும், சொல் முடியும் இடத்தில் இறங்கும். உங்கள் பன்னிரண்டில் ஒரு கூறு பத்தாவது வரிசைக்குத் தெரியவே தெரியாது.

கறுப்புக்கட்டை:
இரண்டு பேரும் இல்லாத பிரச்சினைக்குச் சண்டை போடுகிறீர்கள். ஷூபர்ட்டின் கையெழுத்துப் பிரதி நியூயார்க் மார்கன் நூலகத்தில் இருக்கிறது. அதில் செமிக்வேவர் ட்ரிப்லெட்டின் மூன்றாவது ஸ்வரத்துக்கு நேர் கீழே எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் காலத்தில் எழுதும் வழக்கமும் அதுதான். சேர்த்து வாசிக்க வேண்டும். முடிந்தது.

தாளக்கட்டு:
முடியவில்லை. பியானோக்காரர் ஜெரால்ட் மூர் சேர்த்து வாசிக்கக்கூடாது என்ற கட்சி. வாழ்நாள் முழுக்க இந்தப் பாடல்களுக்கு வாசித்தவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்துவிட்டதா? அதே கையெழுத்துப் பிரதியில் இந்தப் பாட்டு எஃப் ஷார்ப் மைனர் என்ற சுருதியில் இருக்கிறது, அச்சில் வந்தது ஈ மைனரில். கையெழுத்துதான் வேதம் என்றால் எஃப் ஷார்ப்பில் வாசியுங்கள், பார்க்கலாம்.

கறுப்புக்கட்டை:
சுருதி மாற்றம் வேறு, தாளம் வேறு. தெரிந்தே குழப்புகிறீர்கள்.

திஸ்ரநடை:
நம்மவர்களுக்குப் புரிய ஒரு வார்த்தை: வலது கை திஸ்ரம் (பீட்டுக்கு மூன்று), இடது கை சதுஸ்ரத்தின் (பீட்டுக்கு நாலு) முதல் அட்சரமும் நாலாவது அட்சரமும். மிருதங்கம் பழகிய யாருக்கும் இரண்டும் தனித்தனியாகக் கேட்கும்.

கறுப்புக்கட்டை:
எட்டு கூறு கழிந்து விழ வேண்டியதைச் சதுஸ்ரத்தின் நாலாவது அட்சரம் போல எழுதும் வழக்கம் நம் கணக்கில் கிடையாது, அங்கே இருந்தது. அதை இங்கே பொருத்தாதீர்கள்.

மேடைத்தரை:
நீங்கள் 0.1 விநாடிக்கு அடித்துக்கொள்கிறீர்கள், மேடையில் அது வேறு வழியாகவே தொலைந்துபோகிறது. பாடகர் பியானோவிலிருந்து 10 மீட்டர் தள்ளிப் போனால் அவர் குரல் வாசிப்பவர் காதுக்கு வர 0.03 விநாடி. அவர் கேட்டு வாசித்தது திரும்பிப் போக இன்னொரு 0.03. மூடியை முழுக்கத் தூக்கியிருந்தால் பின்பக்கம் போன பாடகர் வாசிப்பவர் கண்ணுக்கே தெரியமாட்டார், மூச்சைப் பார்த்துச் சேர முடியாது. மூடியைக் குட்டைக் கம்பால் தாங்கிப் பாதி மட்டும் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் கீபோர்டுக்குப் பக்கத்தில் பாடகரைக் காட்டும் ஒரு சின்ன மானிட்டர் வையுங்கள்.

தரையும் பாருங்கள். பெரிய கச்சேரி பியானோ கிட்டத்தட்ட 480 கிலோ, மூன்று சக்கரத்தில் நிற்கிறது. ஒரு சக்கரத்துக்கு ஏறக்குறைய 160 கிலோ. நடனத்துக்கு விரிக்கும் வினைல் விரிப்பின் மேல் அப்படியே உருட்டினால் குழி விழும், ஒட்டிய டேப் பிரியும், வெறுங்காலோடு வருபவரின் விரல் அதில் மாட்டும். விரிப்பைப் பியானோவுக்கு முன்னாலேயே நிறுத்துங்கள், அல்லது சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுங்கள்.

பனிப்பாதை:
இதைத்தான் நானும் சொன்னேன். 0.06 விநாடி காற்றிலேயே போகிறது, இதில் 0.1க்கு என்ன மரியாதை?

தாளக்கட்டு:
தவறு. அந்தத் தாமதம் பாடகருக்கும் பியானோவுக்கும் நடுவில். நான் பேசுவது வாசிப்பவரின் இரண்டு கைக்கு நடுவில். ஆடுபவர் எங்கே நின்றாலும் ட்ரிப்லெட்டும் செமிக்வேவரும் ஒரே அளவு தாமதத்தோடுதான் அவரிடம் போய்ச் சேரும், நடுவில் உள்ள இடைவெளி மாறாது. தள்ளி வாசித்த ஒலிப்பதிவை வைத்து ஒத்திகை பார்த்துவிட்டு, மேடையில் சேர்த்து வாசிப்பவரோடு ஆடினால் கால் ஒவ்வொரு முறையும் பிந்தும். கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: சேர்த்தா, தள்ளியா?

உறைபனி:
லீடருக்கு, அதாவது இந்த மாதிரி ஜெர்மன் பாடல்களுக்கு, நடனம் எதற்கு என்றே புரியவில்லை. பனி காட்ட வேண்டுமென்றால் டிரை ஐஸ் போதும்.

மேடைத்தரை:
டிரை ஐஸ் என்பது கார்பன் டை ஆக்சைடு. காற்றைவிடக் கனம், தரையோடு படியும். பாடகரைத் தரையில் படுக்கவைக்கும் அமைப்பில் அதை விட்டால் அவர் மூச்சில் போவது அதுதான். தயவுசெய்து யாருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

கறுப்புக்கட்டை:
'லீடர்' என்பது பன்மை. ஒரு பாட்டு என்றால் 'லீட்'. தலைவர் என்று படிக்கிறவர்களும் உண்டு.

உறைபனி:
இலக்கணம் சொல்ல வந்துவிட்டார். பிராம்ஸ் திரியிலும் இவர் இப்படித்தான்.

கறுப்புக்கட்டை:
பிராம்ஸ் திரியில், அவர் பாடல்களுக்குப் பலன்ஷீன் அமைத்த 'லீபெஸ்லீடர் வால்ட்ஸர்' பாலே முழுக்க, விரல் நுனியில் நிற்க உதவும் பாயின்ட் ஷூவில் ஆடுவது என்று சாதித்தவர் நீங்கள். 1960இல் அமைத்த நாளிலிருந்து முதல் பகுதிக்குக் குதிகால் வைத்த ஷூ, இரண்டாம் பகுதிக்குத்தான் பாயின்ட். நாலு பாடகர்களும் இரண்டு பியானோக்காரர்களும் மேடையிலேயே இருப்பார்கள். அன்று திருத்தியதை இன்றுவரை நீங்கள் மன்னிக்கவில்லை.

பனிப்பாதை:
நடன அமைப்பாளர் ஆண்டனி ட்யூடர் 1937இலேயே குழந்தைகளின் சாவைப் பாடும் மாஹ்லரின் 'கிண்டர்டோட்டன்லீடர்' பாடல்களுக்கு 'டார்க் எலிஜீஸ்' பாலே அமைத்து, பாடகரை மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். குழந்தையைப் பறிகொடுத்த ஊர் ஆடுகிறது, அவர் அசையாமல் பாடுகிறார். அதைப் பார்க்கிற யாரும் செமிக்வேவரை எண்ணமாட்டார்கள்.

தாளக்கட்டு:
மாஹ்லரிடம் ஓடாதீர்கள். ட்யூடர் இசையை எண்ணாமல் அமைத்தவர் என்று காட்டுங்கள், திரியை விட்டே போகிறேன். 'வாஸர்ஃப்ளூட்', இடது கை, ஒன்பதாவது கூறு. உங்கள் நடனக் கலைஞரின் குதிகால் அப்போது தரையில் இருக்குமா, காற்றில் இருக்குமா?

பனிப்பாதை:
பாடகரின் மூச்சு எங்கேயோ அங்கே இருக்கும்.

கறுப்புக்கட்டை:
எட்டாவது கூறிலேயே தரைக்கு வந்திருக்கும். பிரதியைப் பாருங்கள்.