ஆட்டுக்குட்டியானவரின் கலியாண விருந்து (வெளி. 19:1-10): வாலிபர் வேதபாடத்துக்கு எப்படி எடுப்பது?

கேள்வி

சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். வெளிப்படுத்தல் 19:1-10 பகுதியை வாலிபர் வேதபாடத்தில் மூன்று வாரம் எடுக்க வேண்டும், வாரத்துக்கு 45 நிமிடம். மூன்று இடங்களில் தெளிவு தேவை. ஆட்டுக்குட்டியானவராகிய கிறிஸ்துவுக்குச் சபைதான் மணவாட்டி என்றால் 9ஆம் வசனத்தில் விருந்துக்கு "அழைக்கப்பட்டவர்கள்" யார்? விருந்து எப்போது, எங்கே நடக்கிறது? கடைசியாக, பாபிலோன் என்ற நகரம் எரிகிற புகை எழும்புகிறது, பரலோகம் அல்லேலூயா பாடுகிறது (3ஆம் வசனம்). மற்றவர்களின் அழிவில் சந்தோஷப்படலாமா என்று வாலிபர்கள் கட்டாயம் கேட்பார்கள். என்ன பதில் சொல்வது?

பதில் 1

மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குங்கள் சகோதரி. அது விளங்கினால்தான் விருந்தின் சந்தோஷம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

19ஆம் அதிகாரத்தைத் தனியாக வாசித்தால் தவறாகத்தான் கேட்கும். 18:9இலிருந்து தொடங்குங்கள். பாபிலோனுக்காக அழுகிறவர்கள் யார்? ராஜாக்கள், வர்த்தகர்கள், கப்பல்காரர்கள். அவளால் லாபம் கண்டவர்கள். 12, 13 வசனங்களில் அவர்களுடைய சரக்குப் பட்டியல் இருக்கிறது. பொன்னில் ஆரம்பித்து, வாசனைப் பொருள், மாவு, ஆடுமாடு என்று போய், அடிமைகளிலும் மனுஷருடைய ஆத்துமாக்களிலும் முடிகிறது. மனிதரை ஆட்டுக்கும் குதிரைக்கும் கீழே எழுதி விற்ற நகரம் அது. 24ஆம் வசனத்தில் தீர்க்கதரிசிகளின் இரத்தமும் பரிசுத்தவான்களின் இரத்தமும் அவளிடத்தில் காணப்படுகிறது.

இப்போது 6:10க்குத் திருப்புங்கள். பலிபீடத்தின் கீழிருக்கும் ஆத்துமாக்கள் "எதுவரைக்கும்" என்று கூப்பிடுகிறார்கள். கொஞ்சக்காலம் இளைப்பாறும்படி சொல்லி வெள்ளை அங்கி கொடுக்கப்படுகிறது. அந்தக் கூப்பிடுதலுக்கு முழுப் பதில் 19:2இல்தான் வருகிறது. ஆக, பரலோகம் யாருடைய வேதனையையும் வேடிக்கை பார்த்துப் பாடவில்லை. கொல்லப்பட்டவர்களின் வழக்கைத் தேவன் தீர்த்துவிட்டார் என்று பாடுகிறது. நியாயம் கிடைக்காமல் காத்திருக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நற்செய்தி என்பதை வாலிபர்கள் உணர வேண்டும்.

இன்னொன்றையும் காட்டுங்கள். 18:22, 23இல் பாபிலோனில் ஒவ்வொரு சத்தமாக அடங்குகிறது. வாத்தியங்கள், ஏந்திரம், கடைசியில் மணவாளன் மணவாட்டியின் சத்தம். எரேமியா 25:10இலும் இதே தீர்ப்புதான். அங்கே கலியாணச் சத்தம் நின்ற சில வசனங்களுக்குள்ளேயே 19:7இல் ஆட்டுக்குட்டியானவருடைய கலியாணம் அறிவிக்கப்படுகிறது. எரேமியா 33:11இல் அந்தச் சத்தம் திரும்ப வருவதையும் சேர்த்து வாசியுங்கள்.

பதில் 2

"அழைக்கப்பட்டவர்கள் யார்" என்பதில் இரண்டு விளக்கங்கள் உண்டு. சபை மணவாட்டி, பழைய ஏற்பாட்டுப் பரிசுத்தவான்கள் விருந்தாளிகள் என்பது ஒன்று. யோவான்ஸ்நானன் தன்னை மணவாளனுடைய தோழன் என்று சொன்ன யோவான் 3:29ஐ இவர்கள் ஆதாரமாக எடுப்பார்கள். மற்றது, இரண்டும் ஒரே ஜனம்தான் என்பது: மொத்தமாகப் பார்த்தால் மணவாட்டி, ஆள் ஆளாகப் பார்த்தால் அழைப்புப் பெற்றவர்கள்.

எனக்கு இரண்டாவதுதான் இந்தப் புத்தகத்தின் நடைக்குப் பொருந்துகிறது. இதை எழுதிய யோவான் அடையாளங்களை அடுத்தடுத்து மாற்றிக்கொண்டே போவார். 5:5இல் சிங்கம் என்று கேட்கிறார், அடுத்த வசனத்தில் பார்ப்பது ஆட்டுக்குட்டி. 7:17இல் அந்த ஆட்டுக்குட்டியே மேய்ப்பர். 21:9, 10இல் மணவாட்டியைக் காட்டுகிறேன் என்று தூதன் கூட்டிப்போய் ஒரு நகரத்தைக் காட்டுகிறான். அப்படியிருக்க, மணவாட்டியே விருந்தாளியாகவும் இருப்பதில் முரண்பாடு இல்லை.

இங்கே அடிக்கடி நடக்கிற பிழை, மத்தேயு 22, மத்தேயு 25, வெளிப்படுத்தல் 19 மூன்றையும் ஒரே பந்தியில் உட்காரவைப்பது. மத்தேயு 22இல் விருந்தாளிகளும் கலியாண வஸ்திரமில்லாதவனும் வருகிறார்கள், மணவாட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை. மத்தேயு 25இல் பத்துக் கன்னிகைகள் மணவாளனுக்குக் காத்திருக்கிறார்கள். ஒவ்வொரு உவமையும் ஒரு பாரத்தோடு, அதாவது ஒரு மையச் செய்தியோடு சொல்லப்பட்டது. எண்ணெய் யார், விளக்கு யார் என்று எல்லாவற்றுக்கும் ஆள் தேட ஆரம்பித்தால் அந்தப் பாரம் காணாமல் போய்விடும்.

வஸ்திரத்துக்கு நேரம் கொடுங்கள். 7ஆம் வசனத்தில் அவள் தன்னை ஆயத்தம்பண்ணினாள். 8இல் மெல்லிய வஸ்திரம் அவளுக்கு அளிக்கப்பட்டது. அது பரிசுத்தவான்களுடைய நீதிகள். கிருபையா கிரியையா என்று ஒன்றை வெட்டிவிட்டுப் பேச இந்த இரண்டு வசனங்கள் இடம் தரவில்லை. 17:4இல் பாபிலோனுக்கு அடையாளமான மகா வேசி உடுத்தியிருக்கும் இரத்தாம்பரம், சிவப்பு, பொன், முத்து எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு பெண்கள், இரண்டு நகரங்கள், இரண்டு உடைகள்.

விருந்து எப்போது? இந்தப் பகுதியில் அறிவிப்பும் அழைப்பும்தான் இருக்கிறது. பந்தி நடப்பதை யோவான் எங்கும் விவரிக்கவில்லை. 19:17இல் வருவது வேறொரு விருந்து, நியாயத்தீர்ப்பின் விருந்து. அழைக்கப்படுவது பறவைகள், பின்னணி எசேக்கியேல் 39. மணவாட்டி இறங்கிவருவது 21:2இல். இரகசிய வருகையை (உபத்திரவ காலத்துக்கு முன்பே கிறிஸ்து வந்து சபையை எடுத்துக்கொள்வார் என்பதை) ஏற்பவர்களில் பலர், கலியாணம் ஏழு வருட உபத்திரவ காலத்தில் பரலோகத்தில் என்றும், சிலர் விருந்து அதன்பின் பூமியில் என்றும் சொல்வார்கள். ஒரே வருகைதான் என்கிறவர்கள் எல்லாவற்றையும் அந்த வருகையோடு சேர்ப்பார்கள். பத்து நிமிடத்தில் சொல்லி முடியுங்கள். கரும்பலகையில் காலவரிசைப் படம் போட்டால் முழு வகுப்பையும் அதுவே தின்றுவிடும்.

பதில் 3

பத்து நிமிடம் என்பதில் எனக்குச் சம்மதமில்லை. சபைக்கு வருகையைப் பற்றித் திட்டமான உபதேசம் இருந்தால், முதலில் போதகரிடம் பேசி அதைச் சொல்லுங்கள், பிறகு மற்றக் கருத்தையும் நேர்மையாகச் சொல்லுங்கள். மேலோட்டமாக விட்டால் வாலிபர்கள் வீடியோக்களில் தேடுவார்கள், அங்கே தேதியோடு கிடைக்கும். மத்தேயு 24:36ஐ அதே வகுப்பில் வாசித்துவிடுங்கள்.

யூதக் கலியாண வழக்கம் என்று மேடையில் சொல்லப்படுகிற நுணுக்கங்களிலும் கவனம் வேண்டும். வேதத்திலிருந்து உறுதியாகக் காட்டக்கூடியதே போதும். கூடிவருமுன்னே (சேர்ந்து வாழுமுன்னே) நியமிக்கப்பட்டவள் (நிச்சயிக்கப்பட்டவள்) மனைவி என்று எண்ணப்படுவது மத்தேயு 1:18-20இல் இருக்கிறது. ஏழு நாள் விருந்து நியாயாதிபதிகள் 14:12இல் இருக்கிறது. பவுல் 2 கொரிந்தியர் 11:2இல் சபையை அந்த நியமிக்கப்பட்ட நிலையில்தான் வைக்கிறார். நம்பிக்கை இதில் அடங்கியிருக்கிறது: நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டது, கூடிவருதல் இன்னும் வரவில்லை.

வாரங்களை இப்படிப் பிரிக்கலாம். முதல் வாரம் 18:9 முதல் 19:5 வரை. 18:21 தொடங்கி 19:10 வரை 14 வசனங்கள்தான், ஒருவர் வாசிக்க, அல்லேலூயா வரும் நான்கு இடங்களிலும் (1, 3, 4, 6) எல்லாரும் சேர்ந்து சொல்லட்டும். புதிய ஏற்பாட்டில் அந்தச் சொல் வருவது இந்த நான்கு இடங்களில் மட்டுமே. இரண்டாம் வாரம் 19:6-10. மூன்றாம் வாரம் ஏசாயா 25:6-9, லூக்கா 22:14-18, 1 கொரிந்தியர் 11:26. ஏசாயாவில் விருந்து சகல ஜனங்களுக்கும். அங்கேதான் தேவன் மரணத்தை விழுங்கிக் கண்ணீரைத் துடைக்கிறார். ராப்போஜனத்தில் உட்காரும்போது அந்த விருந்தை எதிர்பார்த்துத்தான் உட்காருகிறோம் என்று வாலிபர்கள் புரிந்துகொண்டால், அடுத்த முறை அப்பத்தை வாங்குகிற விதமே மாறும்.

கேட்டவர்

மிக்க நன்றி. வகுப்பில் சமீபத்தில் வீட்டில் மரணம் கண்ட பிள்ளைகளும் இருக்கிறார்கள். "நாம் சந்தோஷப்பட்டுக் களிகூர்ந்து" (19:7) என்பது அவர்களைக் காயப்படுத்துமா?

பதில் 1

சொல்லுகிற வரிசையில்தான் இருக்கிறது. அவர்களுக்கு முதலில் வெளிப்படுத்தல் 7:13-17 வாசியுங்கள். குருத்தோலை பிடித்து நிற்கிற அந்தத் திரளான கூட்டம் மிகுந்த உபத்திரவத்திலிருந்து வந்தவர்கள். பசி, தாகம், வெயில் எல்லாம் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகின்றன, அழுதது மறைக்கப்படவில்லை. கண்ணீரைத் துடைப்பது தேவனே, அழுகிறவர்களே துடைத்துக்கொள்ள வேண்டும் என்று இல்லை. 1 தெசலோனிக்கேயர் 4:13 அழவேண்டாம் என்று தடுக்கவில்லை, நம்பிக்கையில்லாதவர்களைப்போல அழவேண்டாம் என்கிறது. அந்தப் பகுதி 18ஆம் வசனத்தில் ஒருவரையொருவர் தேற்றச் சொல்லித்தான் முடிகிறது.

அன்றைக்குக் கேள்வி பதில் வேண்டாம். அந்தப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லாதீர்கள், வேறொருவர் வாசிக்க அவர்கள் கேட்கட்டும்.