‘பேனிங்’குக்குத் தமிழ்: உடன்திருப்பலா, நோக்கொப்பா?

லண்டன், திங்கள்
அனைவருக்கும் வணக்கம். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் ஒளிப்பட வகுப்பு எடுக்கிறேன். ஜூனில் லண்டன்–பிரைட்டன் சைக்கிள் பயணத்தைப் படமெடுக்கப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறோம். இதய நோய் ஆய்வுக்கு நிதி திரட்டும் 54 மைல் பயணம் அது. கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ‘பேனிங்’ என்ற சொல்தான் இடிக்கிறது. ‘பேன்’ என்றதுமே வகுப்பு தலையைச் சொறிந்து சிரிக்கிறது. செய்வது இதுதான்: காமிராவுக்குள் ஒளியை விடும் ஷட்டர் 1/30 நொடி திறந்திருக்கும்படி வைத்து, காலை ஊன்றி நின்று, இடுப்பை மட்டும் திருப்பி, ஓட்டுகிறவர் முகத்தோடு காமிராவைக் கொண்டுபோக வேண்டும். முகம் தெளிவாக விழும், பின்னால் வேலி கோடுகோடாக இழுபடும். ‘பின்தொடர் படம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். சரியா?

மதுரை, திங்கள்
சரியில்லை அம்மா. பின்தொடர்கிறவர் பின்னாலேயே போகவேண்டும். நீங்களோ நின்ற இடத்தை விட்டு நகர்வதே இல்லை. மூலச்சொல் ‘பனோரமா’வின் சுருக்கம். கிரேக்கத்தில் ‘பான்’ எல்லாம், ‘ஹோரமா’ காட்சி. அதைப் பெயர்த்தால் ‘முழுக்காட்சி’ என்று வேறெங்கோ போய்விடும். குறள் 1100-இல் ‘நோக்கொக்கின்’ இருக்கிறதே! இரு பார்வை ஒத்துப்போவது. ‘நோக்கொப்பு’ என்று வையுங்கள். ‘சைக்கிள்’ எதற்கு? ஈருருளி இருக்கிறது.

சென்னை, செவ்வாய்
ஐயா, நோக்கொப்பு அழகான சொல். ஆனால் என்னிடம் வேலை கற்க வரும் பையனுக்கு அது கையை எப்படி அசைப்பது என்று சொல்லாது. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் வருகிறவர் 1/30 நொடியில் 18 செ.மீ. நகர்ந்துவிடுவார். காமிரா சும்மா நின்றால் முகம் அவ்வளவும் கலங்கும். சக்கரத்தைப் பாருங்கள்: நிற்கும் காமிராவில் தரையை ஒட்டிய போக்ஸ் கம்பிகள் தெளிவாகவும் மேலே உள்ளவை கலங்கியும் விழும், ஏனென்றால் தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணம் நிற்கிறது. கூடவே திருப்பினால் எல்லாக் கம்பியும் ஒரே மாதிரி சுழன்று தெரியும், நடு அச்சு மட்டும் நிற்கும். அப்புறம், கிளிக் ஆன பிறகும் திருப்புவதை நிறுத்தக் கூடாது. நான் பையன்களிடம் சொல்வது ‘கூடவே திருப்பு’.

திருச்சி, புதன்
அப்படியானால் ‘உடன்திருப்பல்’. மூன்றாம் வேற்றுமையின் உடனிகழ்ச்சிப் பொருள்தானே இது? முகத்தோடு காமிரா திரும்புகிறது. முதலில் ‘உடன் + நோக்கு’ என்று எண்ணினேன். ‘உடனிகழ்ச்சி’ போலப் புணர்ந்து ‘உடனோக்கு’ ஆகும். லண்டன் பிள்ளைகள் அதை எங்கே பிரிப்பார்கள்? ‘உடன்திருப்பல்’ பார்த்தவுடன் பிரிகிறது.

யாழ்ப்பாணம், புதன்
தங்கச்சி, ‘திருப்பல்’ என்றால் எனக்குக் கடனைத் திருப்பிக் கொடுப்பதுதான் நினைவுக்கு வருகிறது. ‘உடன்வீச்சு’ பாருங்கள். மதுரை ஐயாவுக்கு: எங்கள் பழைய அலுவலகத் தாள்களில் துவிச்சக்கரவண்டி, வீட்டு வாசலில் சைக்கிள். துவியும் சக்கரமும் வடமொழி. ஈருருளி எனக்கும் பிடிக்கும், ஆனால் அம்மா ஒருநாளும் ‘ஈருருளியை உள்ளே எடுத்து வை’ என்று சொன்னதில்லை.

மதுரை, புதன்
சொல்லச் சொல்லத்தான் வழக்கு வரும். நம் அம்மாக்கள் ‘பேருந்து’ என்றும் சொன்னதில்லை, இன்று எல்லோரும் எழுதுகிறோம்.

லண்டன், வியாழன் இரவு
அண்ணா, ‘வீச்சு’ என்றால் பிள்ளைகள் காமிராவை விசுக்கென்று வீசிவிடுவார்கள். அதுதான் என் பயம். நால்வர் உடன்திருப்பலுக்குச் சரி சொல்லியிருக்கிறார்கள், இருவர் தனிமடலில். அதையே வைக்கிறேன். கீழே ஒரு வரி: ‘கூடவே திருப்பு, கிளிக் ஆன பிறகும் திருப்பு’. பிரைட்டனுக்கு முன்னால் டிட்ச்லிங் பீக்கன் ஏற்றத்தில் எல்லோரும் மெதுவாகிவிடுவார்கள், பலர் இறங்கித் தள்ளுவார்கள். அங்கே ஷட்டர் 1/15 நொடி என்று சேர்த்திருக்கிறேன். ‘சைக்கிள்’ அப்படியே இருக்கும், மன்னிக்கவேண்டும் ஐயா.

மதுரை, வெள்ளி
அச்சுக்குப் போகட்டும் அம்மா, பிள்ளைகள் நன்றாக எடுக்கட்டும். ஆனால் நோக்கொப்பை நான் விடவில்லை. இடுப்பு எவ்வளவு திரும்பினாலும் கண் அந்த முகத்தை விட்டால் படம் ஏது? ஈருருளிக்குத் தனி இழை தொடங்குகிறேன்.